மதுரையில் கிளை திறக்கும் சலூன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மதுரையில் சலூன்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். உங்களோடு ஒப்பந்தம் போட்டு, உங்கள் பெயரைப் போர்டில் வைத்து உள்ளூர்க்காரர் நடத்தும் கே.கே.நகர் ஏசி கடையும் என்னிடம் உண்டு, செல்லூரில் அப்பா காலத்திலிருந்து வரும் மூன்று நாற்காலிக் கடையும் உண்டு.

இங்கே இந்தத் தொழில் எடுபடாது என்று சொல்ல வரவில்லை. ஆவணி, தை முகூர்த்தங்களில் மணப்பெண் அலங்காரத்துக்குத் தேதி கிடைப்பதே பாடு. செவ்வாய்க்கிழமை தெருக் கடைகள் சாத்தியிருக்கும், நீங்கள் திறந்திருப்பீர்கள். சரி, கார்த்திகை பிறந்ததும் வந்து பாருங்கள். மாலை போட்டவர் மலைக்குப் போய் வரும்வரை கத்தரிப் பக்கமே வரமாட்டார், தாடியும் அப்படியே. மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆடியிலும் அதே கதைதான். அந்த மாதங்களிலும் உங்கள் பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணமாக, குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு தொகையை உங்களில் சிலர் கறாராக வாங்கிக்கொள்கிறீர்கள்.

செல்லூர் கடையில் ராத்திரி கல்லாவை எண்ணி, முதலாளியும் தொழிலாளியும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறார்கள். ஆள் வராத நாளில் இருவருக்கும் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. முடி வெட்ட வருகிறவருக்குச் சந்தோஷம். கூடவே உள்ளீட்டு வரி வரவு, அதாவது கடைக்கு வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, போய்விட்டதை யாரும் போஸ்டர் அடித்துச் சொல்லவில்லை. உங்களுக்கு 30,000 ரூபாய் ராயல்டி கட்டினால் அதன் மேல் 18 சதவீதம், 5,400 ரூபாய் வரி. முன்பு வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொண்டோம். இப்போது கடைக்காரர் கைக்காசு. ஷாம்பு, கலர், ஏசி, நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாத தெருக் கடைக்கோ ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. போட்டி அவரோடுதான்.

ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட நினைத்த ஒருவர், உங்களில் ஒரு நிறுவனம் கொடுத்த லாபக் கணக்குத் தாளை என்னிடம் காட்டினார். அதில் இன்னும் வரி வரவைக் கழித்தே லாபம் போட்டிருக்கிறது! பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை வேறு. போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

குறைந்தபட்சத் தொகையை எடுத்துவிட்டு, நடந்த விற்பனைக்கு மட்டும் சதவீதம் வாங்குங்கள். 2025 செப்டம்பருக்கு முன் போட்ட ஒப்பந்தங்களில், ராயல்டி மேல் விழும் வரியில் பாதியையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கார்த்திகைக்குள் பதில் வந்தால், என்னிடம் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்வேன். இல்லாவிட்டால் உங்கள் போர்டை இறக்கிவிட்டு, அதே நாற்காலி, அதே ஆட்களோடு சொந்தப் பெயரில் நடத்தச் சொல்வேன்.

இப்படிக்கு,
மதுரைக் கணக்கர் ஒருவர்