எல்லாவற்றுக்கும் சர்வர்தான் காரணமா?

ஆசிரியருக்கு,

கட்டணம் கட்டும் இணையதளம் ஒன்று காலை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பற்றிய செய்தியில், ‘சுமை அதிகம், கூடுதல் சர்வர் வாங்கப்படும்’ என்று விளக்கம் வந்திருந்தது. டேட்டாபேஸ் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. இந்த விளக்கத்தைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால், பல நேரம் சர்வர் வேலையில்லாமல் கிடக்கும்.

இணையதளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று அதனிடம் சொல்லிவைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களின் ஜாவா டிரைவர்களிலும் இந்தப் பொறுமைக்கான அளவு, அதாவது சாக்கெட் டைம் அவுட், நாம் மாற்றாதவரை 0. அதாவது, விடிய விடியக் காத்திரு. யாரோ ஒருவர் ஒரு பதிவைப் பூட்டிவிட்டு கமிட் செய்யாமல் (வேலையை உறுதிசெய்து முடிக்காமல்) போய்விட்டால், போஸ்ட்கிரஸில் அதை மாற்ற வந்த இணைப்புகள் எல்லாம் அப்படியே நிற்கும். டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி பூல் என்ற ஜாவா மென்பொருளில் இயல்பாக இருப்பது 10 இணைப்புகள். பத்தும் மாட்டிக்கொண்டால் அடுத்து வருபவர் 30 விநாடி நின்று எர்ரர் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். இன்னொரு சர்வர் வாங்கினால் இந்தப் பூட்டு திறக்குமா?

சிலர் உஷாராக டிரைவரில் மட்டும் டைம் அவுட் வைக்கிறார்கள். அது வேறு கூத்து. டிரைவர் கைவிட்டாலும், அனுப்பிய குவெரி (டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி) போஸ்ட்கிரஸில் ஓடிக்கொண்டே இருக்கும். மக்கள் ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள், அதே குவெரி மறுபடி போகும். செயல்பாட்டுப் பட்டியலைத் திறந்தால் ஒரே குவெரி வரிசை வரிசையாக ‘ஆக்டிவ்’ என்று நிற்கும், கேட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார். இப்போது சுமை நிஜமாகவே வந்துவிட்டது! கேட்டவர் இருக்கிறாரா என்று இடையிடையே பார்க்கும் வசதி போஸ்ட்கிரஸின் 14ஆம் பதிப்பில் வந்தது. அதுவும் இயல்பில் அணைத்தே இருக்கிறது. ஆகவே டேட்டாபேஸ் சர்வரில், ஒரு குவெரி எவ்வளவு நேரம் ஓடலாம் என்று வரையறுக்கும் ஸ்டேட்மென்ட் டைம் அவுட்டும் வைக்க வேண்டும், டிரைவரில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாக. அப்போதுதான் சர்வர் முதலில் நிறுத்தி, முறையான எர்ரரைத் திருப்பி அனுப்பும்.

அலகையும் பார்க்க வேண்டும். சாக்கெட் டைம் அவுட் போஸ்ட்கிரஸ் டிரைவரில் விநாடிக் கணக்கு, மைஎஸ்க்யூஎல் டிரைவரில் மில்லிவிநாடி. போஸ்ட்கிரஸ் டிரைவரில் வைத்த 30 என்பதை அப்படியே மைஎஸ்க்யூஎல் டிரைவரில் ஒட்டினால், கண் இமைப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும்.

டெண்டர்களில் எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். டைம் அவுட் மதிப்புகளை எழுதித் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். தளத்தை ஒப்புக்கொள்ளும் முன், அதிகாரிகள் கண்ணெதிரே ஒரு டேபிளை வேண்டுமென்றே பூட்டிவைத்து என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். பணம் கட்டும் பக்கத்தில் இதைச் செய்து காட்டாத நிறுவனத்துக்கு பில் பாஸ் செய்யக் கூடாது.

– டேட்டாபேஸ் நிர்வாகி, பீளமேடு, கோவை