எண்பதுக்கு மேல் ஸ்டென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆஞ்சியோவும் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படம் பிடித்துப் பார்க்கும் சோதனை) ஸ்டென்ட்டும் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) தேவையா என்று தங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தில், மாரடைப்பின் இரு வேறு வகைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதய ரத்தக்குழாய் முழுக்க அடைத்து, இசிஜியில் 'எஸ்டி' எனப்படும் கோட்டுப் பகுதி உயர்ந்துவிட்டால் வயது ஒரு தடையே அல்ல. குழாயை உடனே பலூன் வைத்துத் திறப்பதுதான் முதல் வழி. அஞ்செட்டி, சித்தேரி போன்ற ஊர்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேபுக்கு (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) போய்ச் சேர முடியாதென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி. 75 வயதுக்கு மேல், டெனெக்டெப்ளேஸ் என்ற அந்தக் கரைப்பு ஊசி பாதி அளவு போதும். முழு அளவு போட்டால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரும் அபாயம் கூடுகிறது. இன்னொன்று: 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகள் தருகிறார்கள். அருமையான ஏற்பாடு. அதில் குளோபிடோக்ரல் 300 மி.கி. ஆனால் 75 வயதைத் தாண்டியவருக்குக் கரைப்பு ஊசி போடுவதானால் 75 மி.கி. மட்டுமே கொடுக்க வேண்டும். ஆகவே என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதைப் பரிந்துரைச் சீட்டில் எழுதாமல் 108-இல் ஏற்றக் கூடாது.

எஸ்டி உயராத, டிரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) மட்டும் கூடிய அட்டாக்கில்தான் யோசிக்க இடமிருக்கிறது. நார்வேயில் 80 வயதுக்கு மேற்பட்ட 457 பேரிடம் நடந்த ஆய்வில் (2016), ஆஞ்சியோ வழி சென்றவர்களில் 40.6 விழுக்காட்டினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 61.4 விழுக்காட்டினருக்கும் மறு அட்டாக், அவசர ஸ்டென்ட், பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. தொண்ணூறை நெருங்க நெருங்க அந்தப் பலன் மங்கியது. பிரிட்டனில் 75 வயதைக் கடந்த 1,518 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு (2024) இன்னும் நிதானமானது. இதய மரணம், மறு அட்டாக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆஞ்சியோ வழியில் 25.6 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 26.3, வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். உயிர் பிழைத்த மறு அட்டாக் மட்டும் ஆஞ்சியோ வழியில் 15 விழுக்காட்டிலிருந்து 11.7 ஆகக் குறைந்தது. 'ஸ்டென்ட் வைத்தால் பத்து வருஷம் தாங்கும்' என்று சொல்லிக் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. மறுபடி அட்டாக் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

ஆஞ்சியோவுக்குச் சேலமோ பெங்களூரோ புறப்படும் முன் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணக்கிட வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.1 என்றால் நார்மல் என்று விட்டுவிடுகிறார்கள். 85 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் கணக்குப் போடுங்கள்: 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 27 மி.லி., அதாவது சிறுநீரகம் நன்றாகவே தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஆஞ்சியோவில் குழாய் தெரிவதற்கான டை ஏற்றினால் சிறுநீரகம் அடிவாங்கலாம். டையின் அளவைச் சுருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினினை மறுபடி பார்த்த பிறகே அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

நம் தருமபுரி மாவட்டத்தின் சிக்கல் ஃபுளோரைடு தண்ணீர். அதனால் முதுகும் மூட்டும் இறுகிய முதியவர்களால் மேசையில் மல்லாந்து படுக்க முடிவதில்லை. தொடை வழியே ஆஞ்சியோ செய்தால் அதன் பிறகும் கால் மடக்காமல் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். மணிக்கட்டு வழி என்றால் அந்தத் தொல்லை இல்லை, ரத்தக்கசிவும் குறைவு. மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டென்ட்டுக்குப் பின் தரும் இரண்டு ரத்தம் இளக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், மலம் கறுப்பாகப் போகலாம்.

அந்த இரண்டு மாத்திரைகளில், ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரும் இரண்டாவதை என்றைக்கு நிறுத்துவது என்ற தேதி டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். அது இல்லாததால் சிலர் ஒரே மாதத்தில் தாமாகவே நிறுத்தி ஸ்டென்ட் அடைத்துக்கொள்கிறார்கள். சிலர் மூன்று வருஷமாக விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தேதி போடாத சம்மரியை வாங்காமல், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
தருமபுரி