அறிவியல் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அவையில் உள்ள உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. காவிரியில் வெள்ளம் வந்ததால் ஒகேனக்கல் சுற்றுலாவைத் தள்ளிவைத்தோம். சந்தா வசூல் இந்த ஆண்டும் மந்தம்தான். இனி, நம் நேரத்தையெல்லாம் விழுங்கிய ஃப்ளோரைடு காணொளிக்கு வருகிறேன்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில், போர்வெல் தண்ணீரில் கரைந்திருந்து அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடைப் பற்றிப் பேசப் போனபோது ஒரு பாட்டி, "காய்ச்சித்தானே குடிக்கிறோம், அப்புறம் என்ன?" என்று கேட்டார். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் போர்வெல் தண்ணீருக்குத்தான் போகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி, ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்குவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கண்ணால் காட்டிவிடலாம் என்று முடிவானது.

நம் வேதியியல் ஆசிரியர் எழுதிக்கொண்டு வந்த உரை ஒரு முழு வகுப்புக்கு இருந்தது. ஃப்ளோரின் அணு அமைப்பில் தொடங்கி எலும்பு நோய் வரை எதையும் விடவில்லை. அதில் பெரும்பகுதியை வெட்டினோம், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்ற இந்தியத் தர அளவையும், காய்ச்சும் சோதனையையும், பல் கறை எப்படி வருகிறது என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

சோதனைக் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். தண்ணீரில் ஃப்ளோரைடு கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். அதாவது, இந்தப் படத்தில் சாட்சியே நிறம்தான். ஆனால் கைபேசி தன் பாட்டுக்கு ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, மாற்றிக்கொண்டே இருந்தது. யாராவது சிவப்புச் சட்டையோடு குறுக்கே வந்தால் கரைசலின் நிறமே வேறாகத் தெரிந்தது. அதனால் அமைப்புகளை நாமே வைக்கக்கூடிய ப்ரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி, சோதனைக் குழாய்களுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து எடுத்தோம். டியூப் லைட்டில் படம் பட்டை பட்டையாக ஓடியதற்குக் காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது. ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் நிறுத்தியதும் அது சரியாகிவிட்டது.

தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். பார்ப்பவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. நடுவில் வெட்டி ஒட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டு விழுந்த இடத்தில்தான் தண்ணீரை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். ஸ்டாண்டை அசைக்காமல் முழுவதையும் எடுத்து, எடிட்டிங்கில் வேகமாக ஓட்டினோம். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்தது, அதே பாத்திரத்திலிருந்து சோதனைக் குழாயில் ஊற்றியது எல்லாமே ஒரே ஷாட். காய்ச்சாத தண்ணீரின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தபோது இதன் மஞ்சள் பளிச்சென்று கூடுதலாகத் தெரிந்தது.

ஒலிதான் படாதபாடு படுத்தியது. முன் அறையில் பேசினால் பஸ் ஹாரன், மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை. கடைசியில் ஸ்டோர் ரூமில் சுற்றிலும் ஜமுக்காளம் தொங்கவிட்டு, இரவல் வாங்கிய காலர் மைக்கில் குரலைத் தனியாகப் பதிவு செய்தோம். படம் கொஞ்சம் மங்கினாலும் ஆள் உட்கார்ந்து பார்ப்பான், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவான் என்பது என் கருத்து.

கேடன்லைவ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் தொகுத்தோம், அது இலவசம். முன்னுரைக் காட்சியில் மட்டும் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் விலகிக்கொண்டே போயின. கைபேசி ஒரே சீரான ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்யாததுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றியபின் ஒழுங்குக்கு வந்தது. முதலில் முயன்ற வேறொரு மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றதால், தலைப்புகளை லிப்ரே ஆபீஸில் அடித்துப் படமாக மாற்றி வைத்திருந்தோம். இங்கும் அவற்றையே சேர்த்துவிட்டோம்.

பல் கறையுள்ள பிள்ளைகளின் படங்களும் நம்மிடம் இருந்தன, பெற்றோர் சம்மதமும் இருந்தது. இருந்தும் சேர்க்கவில்லை. நாளைக்கு அதே வகுப்பில் அதே பிள்ளை உட்கார வேண்டும். பல் எனாமல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுக்குள், குடிக்கும் தண்ணீரால்தான் இந்தக் கறை வருகிறது, தேய்த்தால் போகாது. இதைக் கரும்பலகைப் படமாக வரைந்து காட்டினோம். கறைக்குப் பல் துலக்காததுதான் காரணம் என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பகுதி அவசியம்.

பள்ளிகளில் திரையிட்டபோது பழைய புரொஜெக்டர்களில் இரண்டு நிறமும் ஒன்றுபோல வெளுத்துத் தெரிந்தன. எனவே குரல் பதிவில் "இது வெளிர் மஞ்சள், இது அடர் மஞ்சள்" என்று வாயாலும் சொல்லவைத்து மறுபடி தொகுத்தோம். இப்போது கொடுக்கப்படுவது அந்தப் பதிப்புதான். பழையது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையைப் படமாக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு நமக்கென்று ஒரு காலர் மைக் வேண்டும். இரவல் கொடுத்தவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பொருளாளர் இப்போது வரவு செலவை வாசிப்பார். அது முடிந்ததும் மைக்குக்கான தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்