உடைந்த பால் மங்கு இருந்தால் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரப்பர் தோட்டத்துப் பழைய பொருள்களைப் பற்றி வாசகர்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். மரம் வெட்டும் உளி, வாளி சுமக்கும் காண்டாக் கம்பு, பால் வாளி எல்லாம் வந்துவிட்டன. மரத்தில் வடியும் ரப்பர் பாலைப் பிடிக்கிற கிண்ணம், மங்கு, அதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள். எங்களுடைய மங்கு சுட்ட மண்ணில் செய்து மேலே பளபளப்பு ஏற்றியது. பிளாஸ்டிக் பிறகுதான் வந்தது. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்தபோது, அம்மா வைத்திருந்த மங்குகளில் ஆறு எடுத்து வந்தேன். ஒன்று கை தவறி உடைந்தது. குப்பையில் போடப் போனபோது, "பெரியம்மா, அதை எனக்குக் கொடுங்களேன்" என்று வாங்கிக்கொண்டாள் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்.

அவள் மண்ணில் சிற்பம் செய்கிறவள். குவாலா கங்சாருக்கு எதிர்க்கரையில் சாயோங் கிராமத்தில் சுரைக்காய் வடிவத்தில் கறுப்புத் தண்ணீர்க் கூஜா செய்வார்களே, லாபு சாயோங், அதைச் செய்யும் மலாய்க்காரப் பெண்களிடம் மண் பிசையக் கற்றாள். சூடு ஆறுவதற்குள் நெல் உமியில் புதைத்துக் கறுப்பேற்றுவதும் அங்கே கற்றதுதான். ஆனால் அவள் கூஜா செய்வதில்லை. நத்தை, கறையான் புற்று, பெரணி முளைத்த செம்பனைத் தண்டு, இப்படி நாம் தினமும் பார்த்ததைத்தான் செய்கிறாள்.

நான் கொடுத்த துண்டுகளை உரலில் இடித்து, சலித்து, பச்சை மண்ணோடு பிசைந்தாள். எதற்கு என்று கேட்டேன். பச்சை மண் காய்ந்து வெந்து வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குமாம். கனமான உருவம் என்றால் விரிசல் விட்டுவிடும். ஒரு தடவை சூளையைப் பார்த்த மண் மறுபடி அப்படிச் சுருங்காது, அந்தத் தூள்தான் உருவத்தைத் தாங்கும் என்றாள்.

அந்த மண்ணில் செய்தது ஒரு பால்மரக் காய். ஒரு முழ உயரம். வெயில் காலத்தில் காய் டப்பென்று வெடித்துக் கொட்டை எங்கேயோ போய் விழுமே, வெடித்த அந்த நொடியைச் செய்திருக்கிறாள். மூன்று அறையும் முறுக்கிக்கொண்டு பிளந்து நிற்கின்றன. கொட்டை இல்லை. உள்ளே கை விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வெளித்தோல் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். அது என் அம்மாவுடைய மங்கு. கொஞ்ச நேரம் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன தீபாவளிச் சந்தையில் அவள் மேசை போட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இதில் பூ வைக்கலாமா? சாமி சிலை செய்ய மாட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அகல்விளக்கை மட்டும் வாங்கிப் போனார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 1877இல் குவாலா கங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் பத்திரமாக நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்த மரத்தின் பிள்ளைகளை வெட்டியவர்கள் நாம். நம் வீட்டுப் பெண் அதன் காயைக் கையால் செய்து வைத்தால், நின்று ஒரு நிமிடம் பார்க்கலாமே. உங்கள் நிருபர் ஒருவர் வந்து படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம், வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உடைந்த மங்கு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சுட்ட மண் மட்டும்தான் வேண்டும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உதவாது. உள்ளே காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் இருந்தால் உரித்துவிடுங்கள், சூளையில் புகைந்து நாறும். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது. பக்கத்து ஊர் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்து அவள் செய்யப்போவது மரத்தின் வேர், அதற்குத் தூள் நிறைய வேண்டுமாம். என்னிடம் மீதி இருந்த ஐந்தில் கீறல் விட்ட இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்