ஒரே முனையில் விளக்கும் பொத்தானும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசானது. மருத்துவர் சொன்ன பயிற்சியை நடுவில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மறதி கூடியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டாயிற்றா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அதற்காக ஒரு சின்னப் பெட்டி செய்தேன். மாத்திரை நேரத்தில் அது ஒலித்து விளக்கை எரியவிடும், சாப்பிட்டுவிட்டு அழுத்தினால் விளக்கு அணையும். ஒரு முனையையே உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பயன்படுத்தலாமா, அல்லது பெரிய சில்லுக்குப் போய்விடலாமா என்று நீ கேட்டிருந்தாயே, அதற்கான பதில் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

சில்லு பிக் 12எஃப்675 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர், நிரல் ஏற்றி இயக்குவது. மொத்தம் எட்டு முனைகள். மின்சாரத்துக்கு இரண்டு போக மீதி ஆறு, ஜிபி0 முதல் ஜிபி5 வரை. நேரம் பிசகக்கூடாது என்பதற்காக 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தை ஜிபி4, ஜிபி5 இரண்டிலும் பொருத்தினேன். சில்லுக்குள் இருக்கும் டைமர்1 என்ற எண்ணுச் சுற்று அதன் துடிப்புகளை எண்ணி இரண்டு வினாடிக்கு ஒருமுறை நிரம்பி வழியும். ஜிபி3 உள்ளீடாக மட்டுமே வேலை செய்யும், பொத்தானைத் தொடாதபோது முனையை 5 வோல்ட் பக்கம் இழுத்துவைக்க மற்ற முனைகளுக்குச் சில்லுக்குள்ளேயே இருக்கும் இழுப்பு மின்தடையும் அதற்குக் கிடையாது. வெளியில் ஒரு மின்தடை வைத்து, நேரம் திருத்தும் பொத்தானை அதற்குக் கொடுத்தேன். மிஞ்சியது மூன்று முனைகள். தேவையோ பகல் விளக்கு, இரவு விளக்கு, இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான், ஓர் ஒலிப்பான் என்று ஐந்து. எரிகிற விளக்கையே அழுத்தினால் அணைய வேண்டும் என்பதும் என் ஆசை. அம்மா வேறெங்கும் தேடக்கூடாது.

ஆகவே ஜிபி1, ஜிபி2 ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கையும் ஒரு பொத்தானையும் சேர்த்தேன். 5 வோல்ட்டிலிருந்து சிவப்பு எல்இடி, 1 கிலோ ஓம் மின்தடை வழியாக முனைக்கு வருகிறது. அதே முனையிலிருந்து 220 ஓம், பொத்தான் வழியாகக் கிரவுண்டுக்குப் போகிறது. முனையை வெளியீடாக்கித் தாழ்நிலையில், அதாவது 0 வோல்ட்டில், வைத்தால் விளக்கு எரியும். அணைக்க உயர்நிலைக்கு, அதாவது 5 வோல்ட்டுக்கு, ஓட்ட வேண்டாம், உள்ளீடாக மாற்றிவிட்டால் போதும். இதை மட்டும் கறாராகக் கடைப்பிடி. முனை ஒருபோதும் உயர்நிலையைத் தள்ளாது என்றால், யார் எப்போது பொத்தானை அழுத்தினாலும் எதுவும் மோதாது. விளக்கு எரியும்போதும் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை முனையைச் சுமார் 10 மைக்ரோவினாடி உள்ளீடாக்கிப் படித்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பொத்தான் அழுத்தியிருந்தால் முனையில் சுமார் 0.6 வோல்ட் இருக்கும், அது தாழ்நிலையாகவே படிக்கப்படும். எல்இடியை முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்துவிடாதே. அப்போது பொத்தானைத் தொடாதபோதும் உள் இழுப்பை எல்இடி 1.8 வோல்ட் அருகே பிடித்து நிறுத்திவிடும். அது தாழ்நிலையும் இல்லை, உயர்நிலையும் இல்லை.

இவ்வளவு யோசித்தும் முதல் நாளே தடுக்கி விழுந்தேன். பொத்தானைத் தொடாமலே, அழுத்தியதாகச் சில்லு சொன்னது. கம்பிகளை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். பிழை கம்பியில் இல்லை. மின்சாரம் வந்தவுடன் இந்தச் சில்லில் ஜிபி0, ஜிபி1, ஜிபி2, ஜிபி4 நான்கும் அனலாக் உள்ளீடுகளாகத்தான், அதாவது மின்னழுத்தத்தின் அளவைப் பார்க்கும் முனைகளாகத்தான், விழித்துக்கொள்கின்றன. அனலாக் நிலையில் இருக்கும் முனையை டிஜிட்டலாகப் படித்தால் எப்போதும் சுழியம்தான் வரும். உள் இழுப்பும் தானாக விலகிவிடும். எந்த முனை அனலாக் என்று தீர்மானிக்கும் ஆன்செல் பதிவகத்தை (பதிவகம் என்பது சில்லின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) சுழியமாக்க வேண்டும். இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் ஒப்பீட்டுச் சுற்று ஜிபி0, ஜிபி1 இரண்டின் மீதும் உரிமை கொண்டாடும், சிஎம்கான் பதிவகத்தில் 7 எழுதி அதையும் விலக்க வேண்டும். டிரிஸ்ஐஓ பதிவகத்தில் திசையைச் சரியாகக் கொடுத்துவிட்டால் முனை நம்முடையது என்று நினைத்திருந்தேன். திசை வேறு, உரிமை வேறு என்று அன்றுதான் புரிந்தது.

அதைச் சரிசெய்ததும் இன்னொன்று கிளம்பியது, சேகர். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பகல் விளக்கு எரிந்தது, ஒலிப்பானும் ஒலித்தது. இரவு ஒலி வந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை. மறுநாள் பகல் விளக்கும் எரியவில்லை. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் ஒழுங்காக எரிந்தன. மூன்று இரவுகள் இதோடு போயின.

காரணம் ஜிபி0-வில் இருந்த ஒலிப்பான். அந்த ஒரு பிட்டை மட்டும் மாற்றச் சொல்லிக் கட்டளை எழுதினாலும், சில்லு முதலில் எல்லா முனைகளிலும் அப்போதுள்ள நிலையைப் படிக்கிறது, ஒரு பிட்டை மாற்றுகிறது, பிறகு முழுவதையும் வெளியீட்டுத் தாழில் (முனை வெளியே தர வேண்டிய மதிப்பைப் பிடித்துவைத்திருக்கும் லாட்ச்) திரும்ப எழுதுகிறது. பகலில் ஒலிப்பான் ஒலித்தபோது இரவு முனை உள்ளீடாக, இழுப்பினால் உயர்நிலையில் இருந்தது. அந்த ஒன்று அப்படியே அதன் தாழில் போய் உட்கார்ந்துவிட்டது. இரவில் முனையை வெளியீடாக மாற்றினேன். சுழியத்துக்குப் பதில் ஒன்று வெளியே வந்தது, விளக்கு இருண்டது. நான் வகுத்த விதியை என் நிரலே மீறியிருக்கிறது! முன்பு இந்த முனைகள் அனலாக்காக இருந்து சுழியமாகவே படிக்கப்பட்டதால், தாழ்களிலும் சுழியமே எழுதப்பட்டுவந்தது. முதல் பிழைதான் இரண்டாவதை அதுவரை மறைத்து வைத்திருந்தது.

தீர்வு எளிது. சில்லில் இருக்கும் 64 பைட் நினைவகத்தில் ஒரு பைட்டை, முனைகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் ஜிபிஐஓ பதிவகத்தின் நிழல் பிரதியாக ஒதுக்கு. மாற்றங்களை அதில் செய், பிறகு அதை முழுதாக ஜிபிஐஓ-வில் எழுது. விளக்குகளுக்கான இரண்டு பிட்டுகளும் அதில் எப்போதும் சுழியம்.

14 முனையுள்ள பிக் 16எஃப்676-க்கு நீ மாறினால் 12 முனைகள் கிடைக்கும். ஆனால் படித்து, மாற்றி, எழுதும் வழக்கம் அதிலும் இதேதான். வேறு குடும்பச் சில்லான ஏடிடைனி85-இல் எழுதும் பதிவகமும் படிக்கும் பதிவகமும் தனித்தனி என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதில் ரீசெட் முனையை மட்டும் ஆசைப்பட்டுப் பிடுங்கிக்கொள்ளாதே, பிறகு நிரல் ஏற்ற 12 வோல்ட் கருவி வேண்டியிருக்கும். ஒரு வரி மறந்துவிட்டேன்: 12எஃப்675-ஐ முழுதாக அழிப்பதற்கு முன் நிரல் நினைவகத்தின் கடைசி இடத்தில் இருக்கும், சில்லின் உள் கடிகாரத்துக்கான அலைவெண் திருத்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள். ஒவ்வொரு சில்லுக்கும் அது வேறு.

உன் சுற்றின் படத்தை, பற்றவைப்பதற்கு முன்பே எனக்கு அனுப்பு. நேற்றிரவு ஒலி கேட்டதும் அம்மா மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வந்து விளக்கை அழுத்தினார். அணைந்ததும் என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்று கேட்டார்.

அன்புடன்,
ரகு