என்னைப் பத்தி நானே சொல்லணுமாம்

பிராம்ப்டன், கனடா
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்க நான் சுகம். அங்க நீ, அத்தான், ஆச்சி எல்லாரும் சுகந்தானே? ஆத்துல தண்ணி கெடக்கான்னு போன்ல கேக்க மறந்துட்டேன். இங்க முழங்கால் மட்டுக்குப் பனி. வாசல்ல அள்ளிப் போட்டாத்தான் வேலைக்கே கிளம்ப முடியும்.

மருமகனுக்கு காலேஜ்ல இண்டர்வியூ வருது, மாமா அங்க வேலை இண்டர்வியூல எப்படிப் பதில் சொன்னாங்கன்னு கேட்டான்னு சொன்னியே. போன்ல சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்ருவான். அதான் கடுதாசி.

நம்ம ஊரு பயோடேட்டா இங்க செல்லாது. போட்டோ, வயசு, அப்பா பேரு எதுவும் கிடையாது. கல்யாணம் ஆச்சா, என்ன மதம்னு கேக்கப்படாது. ஒன்டாரியோவுல 1962ல கொண்டுவந்து, பொறவு பொறவு சேத்துக்கிட்டே வந்த மனித உரிமைச் சட்டம் அதைத் தடுக்கு. அம்பாசமுத்திரத்துல 'யாரு மவன், எந்தத் தெரு'ன்னு கேட்டாப் போதும், மிச்சத்த டீக்கடையில விசாரிச்சுக்கிடுவாங்க. ஒன்னைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால அத்தான் வீட்டுக்காரங்க பூக்கடையில நின்னு விசாரிச்சாங்களே, அது மாதிரி. இங்க அந்த விசாரணையை நம்மகிட்டயே நடத்துதாங்க. 'ஒன்கூட வேலை பாத்தவங்க ஒன்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?'

மொத தடவை நல்லா மாட்டிக்கிட்டேன். "நல்ல பையன்னு சொல்லுவாங்க"ன்னேன். அந்தம்மா பேனாவையே எடுக்கல. உதாரணம் கேட்டாங்க, முழிச்சேன். சரி, கொறைன்னு என்ன சொல்லுவாங்கன்னாங்க. "கொறையே கிடையாது"ன்னேன். சொல்லும்போதே எனக்கே சிரிப்பாணி வந்துட்டு. வேலை கிடைக்கல.

புதுசா வந்தவங்களுக்கு இங்க இலவசமா வகுப்பு நடத்துதாங்க. அதுல ஜன்னல் மாதிரி நாலு கட்டம் போட்டுக் காட்டினாங்க. எனக்கும் தெரியும், பிறத்தியாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். பிறத்தியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கடைசிக் கட்டம் ஒருத்தருக்குமே தெரியாது. ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம்னு ரெண்டு அமெரிக்க மனோதத்துவக்காரங்க 1955ல போட்டது. ஜோவையும் ஹாரியையும் ஒட்டி 'ஜோஹாரி ஜன்னல்'னு பேரு. நம்ம ஊர்ல ரெண்டு பேரு கூட்டா கடை போட்டா போர்டுல பேரை ஒட்டுவாங்கள்லா, அதே கணக்கு.

அந்த மூணாவது கட்டத்தைப் பாத்துட்டுத்தான் ஒனக்குப் போன் போட்டேன். "என்னைப் பத்தி நீ என்ன நெனைக்க?"ன்னதும் "குடிச்சிருக்கியால?"ன்னு கேட்டியே, அன்னைக்குத்தான். பொறவு சொன்ன: "நீ ஒரு அமுக்குணி. எல்லாத்தையும் பையத்தான் பண்ணுவ. ஒரு வேலைய ரெண்டு தடவை பாக்காம விட மாட்ட." கோவந்தான் வந்துச்சு. ஆனா அதையே எடுத்துக்கிட்டேன்.

அடுத்தது ஒரு கிடங்கு வேலை. அதே கேள்வி. "மெதுவா வேலை பாக்குற ஆளுன்னு சொல்லுவாங்க"ன்னேன். கேட்டவரு நிமிந்து பாத்தாரு. நம்ம ஊரு ரைஸ்மில்ல வேலை பாத்தப்ப நடந்த கதையச் சொன்னேன். மழை இருட்டிக்கிட்டு வருது, லாரிக்காரரு ஏசுதாரு, நான் மறுபடி எண்ணணும்னு நிக்கேன். எண்ணிப் பாத்தா 11 மூட்டை கூட ஏறியிருக்கு. அதோட விடல. லோடு முடிஞ்ச பொறவு எண்ணுனா லேட்டாகுதுன்னு, ஏறும்போதே பத்துக்கு ஒரு கோடு சாக்பீஸால போட ஆரம்பிச்சதையும் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டே இருந்தாரு.

மருமகன்கிட்ட சொல்லு: கடின உழைப்பாளி, நேர்மையானவன்னு அடுக்க வேண்டாம், எல்லாப் பயலும் அதைத்தான் சொல்லுதான். எப்ப நடந்துச்சு, இவன் பொறுப்பு என்ன, என்ன செஞ்சான், என்ன ஆச்சு, அந்த வரிசையில ஒரு சம்பவம் வேணும். 'அளவுக்கு மீறி உழைக்கேன், அதான் என் கொறை'ன்னு பூசி மெழுகவும் வேண்டாம். கேக்குறவங்களுக்குப் பழகிப்போன பதில் அது. வேலையே பாத்ததில்லையேன்னு அவன் முழிப்பான். கோயில் கொடைக்கு வரி பிரிச்சு நோட்டு எழுதினானே, அது போதாதா? கூட வரி பிரிச்ச பயலுகட்ட இவனைப் பத்திக் கேக்கட்டும். முக்கியமா, ஏசுற பயகிட்ட.

புளுக முடியாது, ஏன்னா இங்க பழைய முதலாளிக்கே போன் போடுதாங்க. நம்பரைக் குடுக்குறதுக்கு முன்னாலயே நான் மில் முதலாளிகிட்ட சொல்லி வச்சிருந்தேன். இங்க காலையில 10 மணின்னா அங்க ராத்திரி எட்டரை, மில் அடைக்கிற நேரம். அவரு தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, "ஸ்லோ பாய். கவுண்டிங் கரெக்ட்"னு சொல்லி வச்சிட்டாராம். வேலையில சேந்த அன்னைக்கு மேனேஜரு அதை அப்படியே சொல்லிச் சிரிச்சாரு.

மில் முதலாளிக்கு நான் இன்னும் ஒண்ணும் செய்யல. சர்க்கரை இருக்கு, அல்வா ஆகாது. பனங்கிழங்கு இன்னும் சந்தைக்கு வருதுன்னா ரெண்டு கட்டு வாங்கி அத்தானைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லு. துட்டு நான் அனுப்புதேன்.

இப்படிக்கு,
ஒன் அமுக்குணித் தம்பி