வலை வீசிய பிள்ளையை ஆட விடுங்கள்

பள்ளிப் பிள்ளைகள் கால்பந்துப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். அரையிறுதியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் மேடையில்தான் இருந்தீர்கள். எங்கள் 9ஆம் எண் பிள்ளை கோல் போட்டுவிட்டு ஓரக்கோட்டுக்கு ஓடினாள். தோளில் எதையோ சுமப்பது போல் சாய்ந்து, உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையையும் விரித்தாள். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அது அந்த ஆட்டத்தோடு போயிருக்கும். ஆனால் ‘ஒழுங்கீனம்’ என்று சொல்லி இறுதிப் போட்டியிலிருந்தே அவளை நீக்கினீர்கள். அந்த நீக்கத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவள் செய்தது என்னவென்று உங்களில் ஒருவராவது அவளிடம் கேட்டிருக்கலாம். அது வீச்சுவலை. அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது. கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர். விடியும் முன்னே அவரோடு போய் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம்தான் பயிற்சிக்கு வருவாள். கையில் வாடை இருக்குமோ என்று, மற்ற பிள்ளைகளோடு சேரும் முன் மணலை அள்ளித் தேய்த்துக்கொள்வாள். அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக, ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவருக்குக் காட்டத்தான் வலை வீசினாள். உங்களில் ஒருவர் ஒலிபெருக்கியில், “இது மைதானம், மீன் மார்க்கெட் இல்லை” என்றார். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசாமல் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஐயா, இப்படிப்பட்ட சைகைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கோல் போட்ட பிரேசிலின் பெபெட்டோ, சில நாள் முன்பு பிறந்த மகனை நினைத்துக் கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டினார். ரொமாரியோவும் மசீன்யோவும் ஓடிவந்து கூடவே ஆட்டினார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் எடுத்ததும் நடைபோட்டு சல்யூட் அடிக்கும் மேற்கிந்தியத் தீவுகள் பந்துவீச்சாளர் ஷெல்டன் காட்ரெல் ஜமைக்கா ராணுவத்தில் இருந்தவர். கேட்ச் பிடித்ததும் ஷிகர் தவான் தொடை தட்டியது நம் கபடிக் களத்துப் பழக்கம். அவரவர் வீட்டிலும் வேலையிலும் இருப்பதுதானே களத்துக்கு வருகிறது? எங்கள் பிள்ளைக்கு அது வலை.

விதியும் அவள் பக்கம்தான். கொண்டாடலாம், அளவு மீறக் கூடாது என்கிறது கால்பந்தின் 12ஆம் விதி. சட்டையைக் கழற்றினால், எதிரணியைச் சீண்டினால், கேலி செய்தால் மஞ்சள் அட்டை. அவள் எதிரணிப் பக்கம் திரும்பவே இல்லை. அன்று காலை பையன்கள் ஆட்டத்தில் ஒருவன் ரொனால்டோ போல் எகிறிக் குதித்தபோது அதே ஒலிபெருக்கி பாராட்டியதையும் கேட்டோம்.

அந்த மைதானத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை இல்லை. போர்வையைப் பிடித்து ஒருத்திக்கு ஒருத்தி மறைப்புக் கட்டுகிறார்கள். மூன்று வருடமாகக் கேட்கிறோம். அதற்கு ஒருமுறைகூட கூடாத நீங்கள், ஒரு பிள்ளையை நீக்க அரைமணி நேரத்தில் கூடினீர்கள். சரி, அதைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது பணிவோடு கேட்பது இதுதான்: நீக்கத்தை ரத்து செய்யுங்கள். சனிக்கிழமை இறுதிப் போட்டி. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஒலிபெருக்கியில் பேசியவர் அவள் அப்பாவை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். அணிப் பட்டியலில் 9ஆம் எண்ணுக்கு நேரே அவள் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுப்பவன்